டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. 'ருக்ணோபயோகி சாஹித்ய' என்று மராத்தியில் எழுதியிருக்கும். இருபது வருடம் அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போய் வந்தேன். சாஹித்யம் என்றால் நமக்குத் தெரிந்தது பாட்டின் சாஹித்யம், இல்லாவிட்டால் இலக்கியம். நோயாளிகள் படிக்க யாரோ ஒரு புண்ணியவான் புத்தகசாலை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மராத்தியில் அந்தச் சொல்லுக்குத் தளவாடம், சாமான் என்றும் பொருள் உண்டு என்பது 2023-ல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, ஒரு மாதம் அவஸ்தைப்பட்ட பிறகே எனக்கு உறைத்தது. சக்கர நாற்காலி, வாக்கர், கமோட் நாற்காலி, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், காற்று மெத்தை எல்லாம் அங்கே கிடைக்கும். முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பும்.

ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வைத்தியத்தில் குறை சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். எட்டு மாத்திரைகளின் பெயர், அடுத்து வரவேண்டிய தேதி. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவளை எப்படி மாற்றுவது என்று ஒருவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் வாட்ச்மேனும் நானுமாக மூன்று மாடி தூக்கி வந்தோம்.

மூன்றாம் நாள் அவள் செயலிழந்த இடக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். தோளில் வலி பிடித்துக்கொண்டது. பிறகு வந்த பிசியோதெரபிப் பெண் என்னைக் கடிந்துகொண்டார்: வாதம் அடித்த தோளைத் தசை தாங்காது, கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, இடுப்பில் துணியையோ பெல்ட்டையோ கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்பவேண்டும். இரண்டு நிமிடத்துப் பாடம். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் வார்டிலேயே கற்றிருந்தால் அவளுக்கு ஆறு வார வலி மிஞ்சியிருக்கும்.

அடுத்து இடுப்புக்குக் கீழே தோல் சிவந்தது. பவுடர் போட்டு அழுத்தித் தேய்த்தேன். அதுவும் தப்பாம். சிவந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இன்னும் நசுங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பதுதான் வழி. இரவும் உண்டு. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக்கு ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை. ஒரு நோட்டில் மணி, வலப்பக்கமா இடப்பக்கமா, உணவு, மாத்திரை என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டைப் பார்த்த டாக்டர், என்னிடம் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டார்!

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் அன்பானவர்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தார்கள். அரை மணி உட்கார்ந்து, இதே போல் படுத்து எழுந்திருக்காமலே போன சித்தப்பாக்களின் கதையைச் சொன்னார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டது நான். "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்காதவர் இல்லை, "ஒண்ணும் வேண்டாம், சமாளிச்சுக்கிறேன்" என்று நான் சொல்லாத நாளும் இல்லை. எதிர் பிளாட் குஜராத்தி அம்மாள் மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் பின்னல் வேலையோடு வந்து உட்கார்ந்து, "நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று ஹிந்தியில் உத்தரவு போட்டார். இரண்டு மணி நேரம் தூங்கினேன். அந்தப் பலகையைப் பற்றி எனக்குச் சொன்னவரும் அவரே.

எனக்காவது தனி பாத்ரூம் உண்டு. தாராவியில், என்னிடம் கலாசியாக இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், இடுப்பெலும்பு முறிந்த தாயாரைப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கழிப்பறை பொதுக் கழிப்பறை, அதுவும் குத்துக்காலிட்டு உட்காருவது. அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, ஓரத்தை அரம் போட்டு மழுக்கி, கீழே வாளி வைத்துவிட்டார். "அம்மாவ அங்க தூக்கிட்டுப் போவ முடியல சார், அதான் கக்கூஸையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்" என்றார். டிப்ளமோ படித்த எனக்கு அது தோன்றவில்லை.

செம்பூர் நண்பர் வீட்டில் வேறு சங்கடம். பியூரோ மூலம் வந்த ஆயாவுக்கு மராத்தி மட்டும். நண்பரின் தாயாருக்கு நோய் வந்த பிறகு தமிழ் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. 'வலி', 'தண்ணீர்', 'ஒண்ணுக்கு', 'குளிருது' என்று பதினைந்து சொற்களைத் தேவநாகரியில் எழுதி, பக்கத்தில் மராத்திப் பொருளும் எழுதிச் சுவரில் ஒட்டினார். ஒரே வாரத்தில் ஆயா, "பாட்டி, வலியா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

இந்த நகரத்தில் உதவி இல்லாமல் இல்லை, தேடினால் கிடைக்கிறது. மாட்டுங்கா, சயான் பக்கம் கச்சி, ஜைன அறக்கட்டளைகள் பல தளவாடம் தருகின்றன. கிங் சர்க்கிள் ஷண்முகானந்த சபையார் கச்சேரியோடு நிற்காமல் மருத்துவ மையமும் டயாலிஸிஸ் பிரிவும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அரங்கத்தின் வாசல்தான் தெரியும். முற்றிய புற்றுநோயாளிகளை வைத்துப் பார்க்க பாந்திராவில் 1986-லேயே சாந்தி அவேத்னா சதன் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. சயான் மருத்துவமனையில் டீனாக இருந்த டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கிய 'ஸ்நேஹா' தாராவிக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். அதே அம்மையார் 2017-ல் பாந்திராவில் தொடங்கிய ரோமிலா சேவை, தீராத நோயாளிகளின் வலியைத் தணிப்பதோடு அவர்கள் குடும்பத்தாருக்கும் துணை நிற்கிறது.

செலவு விஷயம் ஒன்று. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு பாராமல் ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர் முதல் உண்டு. அந்தத் திட்டத்தில் வீடு திரும்பிய பின் 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் அடக்கம். டிஸ்சார்ஜ் கவுண்டரில் இதை நாமாகக் கேட்க வேண்டும். முதியோருக்கான 14567 என்ற எண் எங்கே என்ன கிடைக்கும் என்று வழி சொல்லும். பார்த்துக்கொள்பவரின் மனம் தளர்ந்தால் 14416. 2022-ல் மத்திய அரசு தொடங்கியது, தமிழிலும் பேசலாம். நான் ஒரு முறை ராத்திரியில் பேசியிருக்கிறேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் போன் எண் வந்து நோயாளியைப் புரட்டிப் போடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தருகிறது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர்கள் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய நோய்த்தணிப்புச் சேவை, பின்னால் கேரளம் முழுக்க அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வேலையாகப் பரவியது. ஆசிரியரும் வியாபாரியும் நர்ஸோடு வீடு வீடாகப் போகிறார்கள். பொங்கல் விழாவுக்கு நாற்காலி அடுக்க நாற்பது பேர் வரும் நம் சங்கத்தில், வாரம் இரண்டு மணி நேரம் ஒரு வீட்டில் போய் உட்கார பத்துப் பேர் கிடைக்க மாட்டார்களா? பெயர், பேட்டை, எந்தக் கிழமை சௌகரியம், இவ்வளவு எழுத ஒரு நோட்டு போதும். செயற்குழுவுக்கு இதை எழுத்து மூலமாகவும் கொடுத்திருக்கிறேன்.

என் மனைவி இப்போது கம்பு ஊன்றி வராந்தா வரை நடக்கிறாள். சென்ற மாதம் காப்பி நன்றாக இல்லை என்றாள். டாக்டர் அதை நல்ல குறி என்கிறார். பலகைக்காரர்களின் கட்டிலைத் திருப்பிக் கொடுத்து முன்பணம் வாங்கியாயிற்று. நான் சொந்தமாக வாங்கிய கமோட் நாற்காலியும் நாலு கால் வாக்கரும் கழுவித் துடைத்து வைத்திருக்கின்றன. வேண்டுபவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். முன்பணம் வேண்டாம். டாக்ஸி டிக்கியில் நாற்காலி அடங்கும். கால்கள் கழலும், நானே வந்து மாட்டிக் கொடுக்கிறேன்.