அண்ணன் நீலகிரியில், தம்பி பழனியில்!

கூடலூருக்குப் பக்கத்தில் தேவர்சோலை என்று ஓர் ஊர். பெயரில் சோலை இருக்கிறது; ஊரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டம்! சோலைக்காட்டின் பெரும் பகுதியைப் பார்க்க, அங்கிருந்து மலைமேல் இன்னும் உயரே போகவேண்டும்.

அந்தக் காட்டில், ஓடைக்கரைப் புதர் இருட்டில், சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை குடியிருக்கிறது. அதுதான் நீலகிரி சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சை உடம்பையும் சிவந்த மூக்கையும் நினைக்க வேண்டாம். மலையாளத்தில் சிறு பறவை எதுவானாலும் கிளிதான்! தரையில் தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். பெரும்பாலும் இரண்டே முட்டை இடும்.

இதற்கு ஒரு தம்பி உண்டு. பெயர் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. ஆனைமலை, பழனி மலை முதலிய தெற்கு மலைகளில் வாசம். இருவருக்கும் முதுகும் நெஞ்சும் கருநீலம். நடுவயிறு வெள்ளை. அண்ணனுக்கு விலாவில் செம்பழுப்பு நிறம். தம்பிக்கு அங்கேயும் நீலம். பார்வைக்கு வேற்றுமை அவ்வளவுதான்.

பிரித்த கணவாய்

இருவருக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அகலம் சுமார் 30 கிலோமீட்டர். சிறகு இருந்தும் இவை அதைத் தாண்டுவதில்லை. குளிர்ந்த சோலையை விட்டு வெப்பமான சமவெளியில் இறங்க இவற்றால் ஆகாது. இப்படியே இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஓடிவிட்டன.

பழனி மலைப் பறவைக்கு 1868-இல் பிளான்ஃபோர்டு என்பவர் தனிப்பெயர் கொடுத்தார். பின்னால் வந்த நிபுணர்களோ, "இரண்டும் ஒன்றே" என்று சேர்த்து எழுதிவிட்டார்கள். இரத்தத்தைச் சோதித்து மரபணுவைப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 2017-இல் இரண்டுக்கும் சேர்த்து "சோலிகோலா" என்று புதுக் குலப்பெயர் சூட்டினார்கள். நம் சோலைதான் அந்தப் பெயரில் ஏறியிருக்கிறது!

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒரே பறவை என்று நினைத்தவரை, நீலகிரியில் குறைந்தாலும் பழனியில் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம். இப்போது அது செல்லாது. அண்ணன் போனால் தம்பி வந்து அந்த இடத்தில் உட்காரமாட்டான். இருவருமே அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இருக்கிறார்கள்.

தேயிலை, தைல மரம், சீகை மரம் என்று வைத்து, சோலைகள் துண்டு துண்டாகிவிட்டன. கணவாய் செய்ததை மனிதன் சின்ன அளவில் செய்கிறான். தெற்கு மலைகளில், காடு வெட்டிப் பிரிந்த துண்டுகளில், ஒரே இனத்துத் தம்பிப் பறவைகளின் பாட்டே துண்டுக்குத் துண்டு மாறத் தொடங்கியிருக்கிறதாம்.