ராக்கெட் விழுந்தது, நிரலில் பிழையில்லை!

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம், எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ராக்கெட்டை மனதில் வைத்து அமைக்கப்படுவது. அந்த ராக்கெட்டின் முதல் பயணம், 2022 ஆகஸ்ட் 7-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, தோற்றுப்போனது. 356 கி.மீ. வட்டப்பாதையில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்த பாதையில் விடப்பட்டு வீணாயின. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் சற்று நேரம் திணறின. பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், அவை கெட்டுவிட்டதாக முடிவுகட்டி ஒதுக்கிவிட்டது. சென்சார்களோ கெடவே இல்லை.

புரோகிராமர்கள் கூடிப் பேசும் இடத்தில் இதைச் சொன்னால், "மென்பொருள் தனக்கு விதித்ததைத்தான் செய்தது, அதில் பிழை என்ன?" என்று ஒருவர் திருத்துவார். எழுத்துக்கு எழுத்து சரியான பேச்சு. ஆனால் விதித்தது போதுமானதா என்று அவர் அடுத்ததாகக் கேட்காவிட்டால், அந்தத் திருத்தத்தால் யாருக்கு என்ன லாபம்? எதிராளியின் வாய் அடைபடும், அவ்வளவுதான்.

ராக்கெட் விஷயத்தில் நுணுக்கம் பார்க்காமல் முடியுமா என்று கேட்கலாம். முடியாது. 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் வெடித்துச் சிதற, 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் திணிக்கப்பார்த்ததே காரணம். ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுத்துவந்த நிரல் அது. ஒவ்வொரு பகுதியின் நிபந்தனைகளையும் நிரலிலேயே ஒப்பந்தம்போல எழுதியிருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று மென்பொருள் ஆய்வாளர்கள் பெர்ட்ராண்ட் மேயரும் ஜெஸக்கேலும் 1997-இல் வாதிட்டார்கள். கென் கார்லிங்டன் என்பவர் அதை வரிவரியாக மறுத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நொட்டை சொல்வதாகவே படும். ஆனால் அவர் கைவைத்தது சொற்பிழையில் அல்ல. அவர்களுடைய வாதத்தின் அடித்தளத்தில். அதனால்தான் அதை நல்லெண்ணத்தோடு செய்த மறுப்பு என்கிறேன்.

பேசுபவரின் எண்ணத்தை எப்படி அறிவது என்பதும் நியாயமான கேள்விதான். அறியத் தேவையில்லை; அவர் சொன்ன திருத்தத்தால் வேலையில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தாலே போதும். முதல் எஸ்.எஸ்.எல்.வி. தோற்றபின் இஸ்ரோ செய்த மாற்றங்களில் ஒன்று மிகப் பொடியானது: சென்சாரைக் கெட்டதென்று ஒதுக்கும் முன் இன்னும் சற்று நேரம் கவனிக்க வேண்டும் என்பது. இரண்டாம் கட்டத்தைப் பிரிக்கும் அமைப்பையும் மாற்றினார்கள். 2023 பிப்ரவரி 10-இல் இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி., மூன்று செயற்கைக்கோள்களை 450 கி.மீ. உயரத்தில் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.