தேய்ந்த கூரைக்குக் காப்பீடு உண்டா?

2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை நான்கு நாட்களாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. லால்குடியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், ஒரு மாலை, மேலிருந்து முறம் அகலத்துக்கு ஒரு காரைப் பாளம் தொப்பென்று விழுந்தது. என் தாயார் தினமும் உட்கார்ந்து கீரை ஆயும் இடம் அது. நல்ல வேளையாக அன்று அவர் அடுக்களையில் இருந்தார். அண்ணாந்து பார்த்தபோது தளத்தின் கம்பிகள் துருவேறி, பட்டை பட்டையாக உரிந்து தெரிந்தன.

“பேங்க்கில் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் என்று பிடிக்கிறார்களே, அது வேறு எதற்கு? எழுதிப் போடுப்பா” என்றார் என் தந்தை. எழுதிப் போட்டேன். பத்து நாளில் நிறுவனத்தின் சார்பில் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். கைத்தடியால் தளத்தை நாலு இடத்தில் தட்டிக் கேட்டார். “சார், இது விபத்து இல்லை, வயசு” என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே மறுப்புக் கடிதமும் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் கோபம், எனக்கும்தான். ஆனால் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, அந்த ஒரு வாக்கியம் மண்டைக்குள் நின்றுவிட்டது. விபத்து என்பது எது, வயது என்பது எது? இரண்டையும் அளந்து பிரிக்க முடியுமா? வாசகர்களே, அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

சீட்டும் காப்பீடும்

நம் ஊர்களில் ஏலச்சீட்டு தெரியாதவர் இல்லை. இருபது பேர் சேர்ந்து மாதந்தோறும் பணம் கட்டுகிறார்கள். முன்னே பின்னே ஆனாலும் இருபது பேருக்கும் ஒரு முறை பணம் கிடைத்துவிடுகிறது. காப்பீடும் பலர் சேர்ந்து பணம் போடும் ஏற்பாடுதான். ஆனால் அதில் எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை. இடி யார் வீட்டில் விழுந்ததோ அவருக்கே கிடைக்கும். இந்த ஒரு வேறுபாட்டில்தான் நம் கேள்விக்கான விடை அடங்கியிருக்கிறது.

ஓர் ஊரில் ஒரு வீடு ஓர் ஆண்டில் தீயினால் சேதமடையும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். (உண்மையில் இதைவிட மிகக் குறைவு.) நூறு வீடுகள் மட்டும் சேர்ந்தால், ஓர் ஆண்டில் ஒரு வீடும் எரியாமல் போகலாம், மூன்று எரிந்தாலும் எரியலாம். ஒன்றும் சொல்வதற்கில்லை. ஒரு லட்சம் வீடுகள் சேர்ந்தால்? சராசரி ஆயிரம். அதிலிருந்து விலகல் பெரும்பாலும் முப்பதை ஒட்டியே இருக்கும், அதாவது நூற்றுக்கு மூன்று. எந்த வீடு என்பது எவருக்கும் தெரியாது. எத்தனை வீடு என்பது மட்டும் ஏறக்குறையத் தெரியும். ஸ்விட்சர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி நிறுவி, அவர் மறைவுக்குப் பின் 1713இல் அச்சான நூலில் வெளிவந்த பேரெண் விதி இதுவே. காப்பீட்டுத் தொழில் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இதில் இரண்டு கட்டாயங்கள் உள்ளன. நிகழ்ச்சி தற்செயலாக நிகழ வேண்டும். ஒருவர் வீட்டில் நிகழ்வது இன்னொருவர் வீட்டில் நிகழ்வதோடு தொடர்பின்றி இருக்க வேண்டும். இரண்டாவதைப் புயல் மீறுகிறது, ஏனெனில் அது ஒரே இரவில் ஆயிரக்கணக்கான கூரைகளைப் பிடுங்குகிறது. அதைச் சமாளிக்கத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் தாமே இன்னொரு நிறுவனத்திடம் மறுகாப்பீடு செய்துகொள்கின்றன. நம் நாட்டில் 1972இல் அமைக்கப்பட்ட ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் இன்று அப்பணியைச் செய்கிறது. முதலாவது கட்டாயத்தை மீறுவது தேய்மானம். அதற்கு மறுகாப்பீடும் மருந்தாகாது.

ஏன் என்று பாருங்கள். தளத்தை மாற்ற 3 லட்ச ரூபாய் ஆகும் என்றும், தளத்தின் ஆயுள் 30 ஆண்டு என்றும் கொண்டால், அதைக் காப்பீடு செய்பவர் ஆண்டுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் வாங்கியாக வேண்டும். எல்லோருடைய தளமும் தேயப்போகிறது. எனவே ஒருவருடைய பணம் இன்னொருவருக்கு உதவ வழியில்லை. நிறுவனத்தின் அலுவலகச் செலவையும் அதன்மேல் நாம் சுமக்க வேண்டும். அது காப்பீடன்று; லாபமில்லாத சீட்டு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. இந்தியக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், 1963, அதன் 55ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, இயல்பான தேய்மானத்துக்கும் இயல்பான கசிவுக்கும் காப்பீட்டாளர் பொறுப்பல்லர் என்று கூறுகிறது. கப்பலுக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும் கொள்கையே.

நம் வீட்டுப் பத்திரத்தில் என்ன இருக்கிறது?

2021 ஏப்ரல் 1 முதல், இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையத்தின் கட்டளைப்படி, பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பத்திரத்தை வழங்குகின்றன. அதில் தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம், புயல், சூறாவளி, வெள்ளம், நிலச்சரிவு, மரமோ வண்டியோ வந்து மோதுதல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் என்று நிகழ்ச்சிகள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. பட்டியலில் உள்ளவற்றால் சேதம் வந்தால் பணம் உண்டு. பழைய தளத்தில் சாதாரண மழைநீர் ஊறி இறங்குவதும் கம்பி துருப்பிடிப்பதும் அதில் இல்லை. காப்புத் தொகையையும் வீட்டின் சந்தை விலையை வைத்து அல்லாமல், உள் பரப்பளவை அன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். ஆகவே வீடு பழையது என்பதற்காகக் காப்பீடு செய்யாமல் இருக்க வேண்டியதில்லை. பழைய வீடும் எரியும். பழைய வீட்டின் மீதும் தென்னை மரம் விழும்.

வயது என்னும் வேதியியல்

எங்கள் கூடத்தில் நடந்தது என்ன? கான்க்ரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். எண் 12க்கும் மேல். இந்தக் காரத்தினால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடுப் படலம் போர்வைபோல் படிந்து துருவைத் தடுக்கிறது. ஆனால் காற்றில் உள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து, கால்சியம் ஹைட்ராக்சைடுடன் சேர்ந்து, அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. காரத்தன்மை குறைகிறது. பி.எச். 9ஐ ஒட்டி இறங்கும்போது போர்வை கிழிகிறது. பிறகு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருதான். துரு, தான் உண்டான இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு கனஅளவு உள்ளது. அது உள்ளிருந்து நெம்பித் தள்ளும்போது, கீழே இருக்கும் கான்க்ரீட் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது.

கரியமில வாயு இறங்கும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. எங்கள் வீடு 1986இல் கட்டியது. கம்பிக்குக் கீழே உள்ள கான்க்ரீட்டின் கனம் 15 மில்லிமீட்டர்தான். நடுத்தரமான கான்க்ரீட்டில் ஆழம், ஆண்டுகளின் வர்க்கமூலத்தைப் போல் இரண்டரை மடங்கு மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். 36இன் வர்க்கமூலம் 6. ஆறு இரண்டரை பதினைந்து. 1986உடன் 36ஐக் கூட்டினால் 2022! கணக்கு இவ்வளவு சரியாக அமைந்ததில் தற்செயலும் கலந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதே கணக்கில் இன்னொன்றும் உண்டு. கம்பிக்குக் கீழே 15க்குப் பதில் 20 மில்லிமீட்டர் விட்டிருந்தால், வாயு கம்பியைத் தொட 64 ஆண்டுகள் ஆகியிருக்கும். வெறும் 5 மில்லிமீட்டர்! சென்டரிங் பலகைக்கும் கம்பிக்கும் இடையே வைக்கும் சிறு சிமெண்டு வில்லையைக் கொத்தனார் கொஞ்சம் கனமாக வைத்திருந்தால் 28 ஆண்டு கூடுதல் ஆயுள். புது வீடு கட்டுகிறவர்கள், தளம் போடும் அன்று பந்தலில் உட்கார்ந்து காப்பி குடிப்பதைவிட, மேலே ஏறி இதைப் பார்ப்பது நல்லது.

வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. கான்க்ரீட் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறையப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு விரிகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள மொட்டை மாடி, திருச்சிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி மாறினால், 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். 36 ஆண்டுகளில் இது 13,000 முறைக்கு மேல். சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் விழுவதும், அதன் வழியே மழைநீர் இறங்குவதும் வியப்பில்லை. பழைய முறைப்படி தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டுத் தட்டோடு பதித்தது இந்த வெப்ப ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான்.

இவை எல்லாமே முன்கூட்டிக் கணக்கிடக்கூடியவை. கணக்கிட முடிவதால்தான் காப்பீடு இவற்றைத் தொடுவதில்லை.

புயலா, பழுதா?

சிக்கல் எழுவது இரண்டும் சேர்ந்து வரும்போது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம். தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணற்ற ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் சிதைந்தன. அத்தகைய நேரத்தில், “உங்கள் ஓட்டுக் கூரை முன்பே உளுத்துப் போயிருந்தது” என்று நிறுவனம் சொன்னால் என்ன பதில் சொல்வது? காப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு அண்மைக் காரணம் என்றொரு கொள்கை உண்டு: சேதத்தை விளைவித்த வலுவான, ஆளும் காரணம் எது என்று பார்க்க வேண்டும். இதை நாம் எண்களால் கேட்டுப் பார்க்கலாம்.

காற்று ஒரு சதுர மீட்டரில் தரும் அழுத்தத்தை நியூட்டனில் காண, அதன் வேகத்தை (நொடிக்கு மீட்டரில்) வர்க்கப்படுத்தி 0.6ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 33.3 மீட்டர். அழுத்தம் 667 நியூட்டன், அதாவது 68 கிலோ எடைக்குச் சமம். காற்று கூரையின்மேல் வளைந்து விரையும்போது அங்கே அழுத்தம் குறைந்து, கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சல் 80 விழுக்காடு என்று கொண்டாலும் 54 கிலோ. ஒரு சதுர மீட்டர் மங்களூர் ஓட்டின் எடை ஏறத்தாழ 40 கிலோதான். ஆகவே நல்ல ரீப்பரில் நன்றாக வேய்ந்த ஓடுகூடப் பறக்கலாம். ஜன்னல் திறந்திருந்தால் உள்ளிருந்தும் காற்று தூக்கும்.

இனி 50 கிலோமீட்டர் காற்றைப் பாருங்கள். அழுத்தம் 12 கிலோவுக்குமேல் இல்லை. நல்ல கூரையை அது அசைக்காது. அந்தக் காற்றில் கூரை சரிந்தது என்றால், கரையான் தின்ற சட்டமே காரணம் என்று மதிப்பீட்டாளர் சொல்வதை மறுப்பது கடினம். 120 கிலோமீட்டர் காற்றில் போன கூரைக்கு அதே காரணத்தைச் சொன்னால் நாம் ஏற்க வேண்டியதில்லை. அன்றைய காற்றின் வேகத்தை வானிலை ஆய்வுத் துறை பதிவு செய்திருக்கும். திருச்சி விமான நிலையத்தில் அதன் ஆய்வகம் உண்டு. அந்தப் பதிவும், மழைக்காலத்துக்கு முன் கூரை நல்ல நிலையில் இருந்ததைக் காட்டும் தேதியிட்ட புகைப்படங்களும், ஓடு பிரித்து மேய்ந்ததற்குக் கொத்தனாருக்குக் கொடுத்த ரசீதும் நம் கையில் இருந்தால் வழக்கு நம் பக்கம். நிறுவனம் அப்போதும் மறுத்தால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

உறிஞ்சும் காற்றின் விதியைத் தந்தவர் யாக்கோப் பெர்னூலியின் தம்பி மகனான டேனியல் பெர்னூலி. நூல் வெளியான ஆண்டு 1738. அதே 1738இல் அவருடைய இன்னொரு கட்டுரையும் அச்சாயிற்று. கப்பலில் சரக்கு அனுப்பும் வணிகர் எப்போது காப்பீடு செய்வது அறிவுடைமை என்று அதில் கணக்கிட்டிருக்கிறார். கூரையைத் தூக்கும் காற்றுக்கும், தூக்கப்பட்ட கூரைக்குப் பணம் தரும் ஏற்பாட்டுக்கும் ஒரே மனிதர் ஒரே ஆண்டில் கணக்கு எழுதியிருக்கிறார் என்பதை என் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். கூடத்துத் தளத்தை, துருவைச் சுரண்டி எடுத்து, புதுக் கம்பி சேர்த்துப் பழுது பார்த்தோம். செலவு முழுவதும் எங்களுடையது. வேலை தொடங்குமுன், கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலிருந்து சிறிது பினாப்தலீன் கரைசல் வாங்கி வந்தேன். புதிதாகக் கொத்திய கான்க்ரீட்டில் அதைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாது. கூடத்தில் கம்பிவரை நிறமே வரவில்லை. தெற்கு அறையில் ஓரத்தில் சிறிது கொத்தித் தெளித்தோம். 12 மில்லிமீட்டர் ஆழத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தது. 36 ஆண்டில் 12 என்றால் 15ஐத் தொட மொத்தம் 56 ஆண்டு. ஆக அந்த அறைக்கு 2042வரை தவணை. என் தந்தை அதைக் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே லால்குடி அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினார்.