கம்பளையில் நிழலற்ற நண்பகல்

சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாக, ஏப்ரல் 7 அல்லது 8ஆந் திகதி நண்பகலில், கம்பளையில் முற்றத்தில் நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். மேகம் மூடாதிருந்தால் எவரும் காணலாம். அன்றைய நண்பகலில் யாழ்ப்பாணத்தில் நட்ட ஒரு மீற்றர்க் கோலோ, நான்கு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நிழலை வடக்கே வீழ்த்தும்.

இச் சிறு நிழலிலே பூமியின் அளவு அடங்கியுள்ளது. அது காட்டும் கோணம் இரண்டரைப் பாகை. அதாவது முழு வட்டத்தில் 144இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்குமிடையே நேர் வடக்காக உள்ள தூரம் ஏறத்தாழ 276 கிலோமீற்றர். (பஸ் வண்டி வளைந்து செல்லும் தூரமன்று.) இதனை 144ஆற் பெருக்கினால் ஏறக்குறைய 39,750 கிலோமீற்றர் வரும். எரத்தோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் கையாண்ட முறை இதுவே.

ஆனால் துருவங்களின் வழியாகப் பூமியைச் சுற்றும் உண்மைத் தூரம் 40,008 கிலோமீற்றர். இக் குறை முழுவதும் நமது பிழையன்று. பூமி துருவங்களிலே சற்றுத் தட்டையானது. தட்டையான இடத்தில் வளைவு குறைவாதலால், ஒரு பாகை திரும்புவதற்கு அதிக தூரம் செல்ல வேண்டும். நமது பகுதியில் ஒரு பாகை 110.6 கிலோமீற்றர், துருவத்தருகே 111.7. நியூற்றன் கணக்கினாற் கூறிய இத் தட்டையை, 1730களில் லாப்லாந்துக்கும் தென் அமெரிக்காவுக்கும் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் அளந்து மெய்ப்பித்தனர்.

இந்த நுட்பத்தை நமது கோல் காட்டாது. நிழலில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் விடையில் 900 கிலோமீற்றர் பிழைக்கும். துருவ நட்சத்திரத்தை நோக்கலாமே என்பீர்கள். கம்பளையில் அது அடிவானத்திலிருந்து ஏழு பாகையே உயர்ந்தது. மலைகள் விட்டால்தானே தெரியும்! தெரிந்தாலும், காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அதை உள்ளதைவிடப் பாகையில் பத்திலொரு பங்குக்கு மேல் உயர்த்திக் காட்டும். உச்சியிலுள்ள நட்சத்திரங்களுக்கு இந்த மயக்கமில்லை.

ஆதலால் தென்னிந்தியாவை அளந்த வில்லியம் லாம்டன் உச்சி நட்சத்திரங்களையே நோக்கினார். நட்சத்திரம் கோணத்தைத் தரும். தரையிலுள்ள தூரத்தை யார் தருவது? 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நேர்கோடொன்றைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தொடுத்துச் சென்றார். குன்றுகளில்லாத காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808இல் தஞ்சையில், அரைத் தொன் எடையுள்ள கோணமானியைக் கோபுரத்தின்மேல் ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டத் தகடு நெளிந்தது. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். லாம்டன் கூடாரத்துள் அடைந்துகொண்டு, ஆறு வாரம் தகட்டைச் சிறிது சிறிதாக இழுத்து மீண்டும் வட்டமாக்கினார். 1823இல் அளவைப் பணியிலேயே உயிர்நீத்தார்.

அவருக்குப்பின் வந்த ஜோர்ஜ் எவரெஸ்ட், அந்த அளவுகளையும் கொண்டு 1830இல் பூமியின் உருவத்தைக் கணித்தார். பூமத்திய ரேகையிலுள்ள ஆரம் துருவ ஆரத்தைவிட 21.2 கிலோமீற்றர் நீண்டதென்பது அவர் கண்ட முடிவு. இன்றைய செயற்கைக் கோள்கள் தரும் விடை 21.4. இலங்கையின் நில அளவைப் படங்கள் எவரெஸ்டின் அந்த உருவத்தையே அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் கட்டக் கோடுகளுக்கு மூலமாய் நிற்பது, கம்பளைக்குத் தென்கிழக்கேயுள்ள பீதுருதலாகல மலை.