பங்கு இறைச்சியும் றாத்தல் பாணும்: வாங்கும்போதே கேளுங்கள்

ஞாயிறு இரவு பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் கூடும் வீட்டில் ஆட்டு நெஞ்செலும்பை மெல்லிய நெருப்பில் வேகவைத்து, வீட்டிலேயே பணிஸ் சுட்டுச் சாப்பிடும் ஆசை இப்போது யாழ்ப்பாணத்தில் பரவலாகிவிட்டது. நல்ல ஆசைதான். ஆனால் சமையல் குறிப்பைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள், இறைச்சி எங்கே வெட்டப்பட்டது என்று ஒரு தரமாவது கேட்பதில்லை.

பங்கு இறைச்சி நம் ஊர்ப் பழக்கம். தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் ஒரு வளவுக்குள் ஆட்டை வெட்டி, படங்கில் குவியல் குவியலாக வைத்து, ஒவ்வொரு குவியலிலும் ஈரல் துண்டும் நெஞ்செலும்பும் குடலும் சமமாக விழுகிறதா என்று நாலு பேர் நின்று பார்ப்பார்கள். பிரிப்பதில் அத்தனை நியாயம்! அந்த ஆடு நோயில் விழுந்து கிடந்ததா, யாருடைய பட்டியிலிருந்தாவது களவு போனதா என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள், வெட்டிய இறைச்சியை வெறும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. களவு ஆடு என்று தெரிந்தே வாங்கினால், வாங்கியவரும் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வளவுக்குள் வெட்டிப் பங்கு என்ற பெயரில் ஊருக்கெல்லாம் காசுக்கு விற்பது வேறு கதை. உரிமமில்லாத இறைச்சி வியாபாரம் 1893 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க இறைச்சிக் கடைக்காரர் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். மாநகரசபை, பிரதேச சபைகள் குத்தகைக்கு விட்ட கடைகளில் வாங்குங்கள். அங்கும் பரிசோதனை முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சந்தேகம் வந்தால் போகவேண்டிய இடம் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை: கோப்பாய், உடுவில், தெல்லிப்பளை, கரவெட்டி, சாவகச்சேரி, வேலணை என்று குடாநாட்டிலும் தீவகத்திலும் பிரிவுக்கு ஒன்று இருக்கிறது. அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி மாதிரி எடுக்கவும், கைப்பற்றவும், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவும் அதிகாரம் உண்டு. கெட்டுப்போன இறைச்சியைக் கோபத்தில் நாய்க்குப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகாதீர்கள். பையோடு கட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, அன்றே அறிவியுங்கள்.

இனிப் பாண். 2024 பெப்ரவரியில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் அறிவித்தபடி ஒரு றாத்தல் பாண் 450 கிராம், அரை றாத்தல் 225 கிராம் இருக்க வேண்டும். குறையலாம் என்று விட்ட அளவு, முழுப் பாணுக்கு 13.5 கிராம், அரைப் பாணுக்கு 9 கிராம். அதாவது 436.5 கிராமுக்குக் கீழே போனால் அது குற்றம். கையில் தூக்கி 'காற்றுப்போல இருக்கு' என்று புறுபுறுப்பவர் ஆயிரம். வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பவர் அரிது. கடைத் தராசிலேயே சந்தேகம் என்றால், அதன் முத்திரை பழையதா என்று பாருங்கள். அதற்குரியது கச்சேரியில் இருக்கும் அளவீட்டு அலகுகள் திணைக்களப் பிரிவு.

பற்றுச்சீட்டு கேளுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில், தமிழிலேயே எழுதலாம்: கடையின் பெயர், திகதி, விலை, நிறை, பற்றுச்சீட்டின் பிரதி. யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபை அலுவலகத்தில் கொடுங்கள். அவசரமென்றால் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிறகு கொடுத்தால் ஏற்கமாட்டார்கள்.

கொடுத்த கடிதம் மேசையில் தூங்குவதும் நாம் காணாததல்ல. 'ஐயா கூட்டத்துக்குப் போயிட்டார்' என்ற பதிலோடு வீடு திரும்பாமல், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், என் முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் அவர் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால், 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. இந்த ஒரு கடிதம் போனபின் கோப்பு நகரும் வேகமே தனி.

சமையலுக்கு வருவோம். 500 கிராம் கோதுமை மா, 7 கிராம் உலர் ஈஸ்ட், 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர், உப்பு, கொஞ்சம் சீனி. பிசைந்து நம் வெக்கையில் ஒரு மணித்தியாலம் மூடிவைத்தால் பொங்கிவிடும். உருட்டி அரை மணி விட்டு, 200 பாகை சூட்டில் கால் மணிக்குச் சற்று மேல் சுட்டால் ஒன்றரை றாத்தல் பாணுக்கு மேலான நிறை கிடைக்கும். நெஞ்செலும்பைத் தூளும் தேசிப்புளியும் பிரட்டி ஊறவிடுபவர்கள் குசினி மேசையில் வைக்கிறார்கள். வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 32 பாகைக்கு மேல் வெக்கை அடிக்கும் நாளில் பச்சை இறைச்சி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மிஞ்சிய கறிக்கும் அதே கணக்குத்தான். எலும்பிலிருந்து சதை கழன்று வரும்வரை வேகட்டும்.

பற்றுச்சீட்டை மட்டும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு அது வீட்டில் இருக்கட்டும்.