செவிலியர் கதை – 7: அட்டை விடத் தெரியுமா?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த பெண்களுக்கு மாதந்தோறும் ஒரு மதிப்பெண் படிவம் எழுதப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் என்று குணத்துக்கு ஒரு பகுதி. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, எனிமா கொடுப்பது, படுக்கை போடுவது என்று வேலைக்கு இன்னொரு பகுதி. அட்டை விடத் தெரியுமா என்பதும் அதில் உண்டு. நம்மூர் வைத்தியர்கள் கெட்ட ரத்தம் எடுக்க விட்டார்களே, அதே அட்டைதான்.

1860இல் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளியின் படிவம் அது. கிரிமியப் போரின்போது காயம்பட்ட வீரர்களுக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செய்த பணிக்கு நன்றியாக மக்கள் கொடுத்த சுமார் 45,000 பவுண்டு நிதிதான் பள்ளிக்கு முதல். ஓராண்டுப் பயிற்சி; தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, வருடத்துக்குப் 10 பவுண்டு சம்பளம். அதே மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவர் ஜான் ஃப்ளின்ட் சவுத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நர்ஸ் என்பவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் போன்றவர்தான், அவருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று 1857இலேயே எழுதிவிட்டார்.

நைட்டிங்கேல் பிடிவாதமாக நின்றது ஒரு விஷயத்தில். நர்ஸுக்கு மேலாள் இன்னொரு நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். என்ன மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும். யார் எந்த வார்டில் நிற்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் மேட்ரன் என்ற தலைமை நர்ஸ் கையில். அந்தப் பொறுப்பில் இருந்த மேட்ரன் சாரா வார்ட்ரோபர். டாக்டர் ஒருவரின் விதவை, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்க வேண்டியவர், முறையான நர்ஸ் பயிற்சி பெறாதவர். ஆனால் நிர்வாகத்தில் கெட்டிக்காரர். மருத்துவமனைக்கும் அவரே மேட்ரன், பள்ளிக்கும் அவரே தலைவி.

பள்ளியின் பெயர் சீக்கிரமே பரவியது. அங்கே பயின்ற அக்னஸ் ஜோன்ஸ் 1865இல் 12 நர்ஸ்களுடன் லிவர்பூல் ஏழைவிடுதி மருத்துவமனைக்குப் போனார். மூன்றே ஆண்டில், 35 வயதில், டைபஸ் காய்ச்சலில் இறந்தார். அவர் இறந்த அதே 1868இல், பள்ளியின் இன்னொரு மாணவி லூசி ஆஸ்பர்ன் ஐந்து பேருடன் சிட்னியில் போய் இறங்கினார். தலைமை ஏற்க ஆள் கேட்டுப் பல ஊர்களிலிருந்தும் கடிதம் வந்துகொண்டிருந்தது.

1871இல் தேம்ஸ் கரையில், நாடாளுமன்றத்துக்கு எதிரே, மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் எழுந்தது. வார்டுகள் பெருகின, மேட்ரனின் வேலையும் பெருகியது. உடல்நலம் குன்றி வீட்டோடு இருந்த நைட்டிங்கேல் அதற்குப் பிறகுதான் பள்ளிப் பக்கம் முழுக்கவனத்தைத் திருப்பினார். பயிற்சிப் பெண்களை வரவழைத்து, ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார். கேட்டது எதுவும் நல்ல சேதியாக இல்லை. பாடம் எடுக்க வேண்டிய டாக்டர் விட்ஃபீல்ட் பாடம் எடுப்பதை எப்போதோ கைவிட்டிருந்தார். வார்டில் கற்றுத்தர வேண்டிய சிஸ்டர்களில் பலர் தாங்களே முறையாகக் கற்றவர்கள் அல்லர். பயிற்சிப் பெண்கள் சம்பளம் குறைந்த வேலையாட்களாக ஓடிக்கொண்டிருந்தார்கள். உலகமே முன்மாதிரி என்று கொண்டாடிய பள்ளி!

நைட்டிங்கேலை நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தில்தான், போர் மருத்துவமனையில் இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்த இடத்தில் அல்ல. தன் பெயர் தாங்கிய பள்ளியின் குறையைத் தானே தோண்டி எடுத்தாரே! விட்ஃபீல்ட் போனார், அறுவை மருத்துவர் ஜான் கிராஃப்ட் வந்து ஒழுங்காக வகுப்பு எடுத்தார். 'ஹோம் சிஸ்டர்' என்று ஒரு புதிய பதவி உண்டானது. பெண்களோடு விடுதியிலேயே தங்கி, வகுப்பில் கேட்டதை விளங்கவைத்து, படிக்க நேரம் வாங்கிக் கொடுப்பவர். வார்ட்ரோபரை மட்டும் நீக்கவில்லை. அவர் 1887 வரை இருந்தார். அது பெருந்தன்மையா, வேறு வழியில்லாமையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

படிப்பு நோயாளியைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு எண்களோடு பதில் வர நூறாண்டுக்கு மேலாயிற்று. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா எய்கன் குழு ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவு. ஒரு நர்ஸ் தலையில் இன்னொரு நோயாளியைச் சுமத்தினால் அதே 7 சதவீதம் கூடுகிறது. படித்தவர்களைச் சேர்த்துவிட்டு, ஆளுக்கு நாற்பது கட்டிலைக் கொடுத்தால் படிப்பு என்ன செய்யும்?

நம்மூர் நர்ஸிங் மாணவிகளிடம் இன்றும் பேசிப் பாருங்கள். "கிளாஸ்ல அப்படித்தான் சொல்வாங்க, வார்டுல இப்படித்தான்" என்ற வாக்கியம் சீக்கிரமே வந்துவிடும். கல்லூரி டியூட்டர் ஓர் ஊர், வார்டு இன்சார்ஜ் வேறோர் ஊர் என்று இருக்கும்வரை அது வரும். விதிவிலக்கும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1909இல் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்தது. பாடம் நடத்துபவரே வார்டுப் பொறுப்பையும் சுமப்பது அவர்கள் வழக்கம். செயின்ட் தாமஸில் வார்ட்ரோபர் ஒருவரே இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து திணறியதை, வேலூரில் வார்டு வார்டாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

சில வருடம் முன்பு, வேறோர் ஊரில், என் பெரியம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். மாணவி ஒருத்தி டிரிப்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு சார்ட்டில் எழுதப் போனாள். பின்னால் வந்த இன்சார்ஜ் சிஸ்டர் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"சொட்டு எண்ணுனியாம்மா?"

"பாத்தேன் சிஸ்டர்."

"பாக்கச் சொல்லல. வாட்ச்சைப் பாத்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணு. நான் நிக்கிறேன்."

வார்டில் ஆயிரம் வேலை கிடந்தும் அவர் நின்றார். அந்தப் பெண் எண்ணத் தொடங்கினாள். படுத்திருந்த பெரியம்மாவும் மேலே பார்த்தபடி, உதட்டை மட்டும் அசைத்துக் கூடவே எண்ணினார்.

(தொடரும்)