இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு எதற்கு ரேடியேஷன்? 72 மணி நேரக் கெடுவின் பின்னணி!

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகும் ஒருவரிடம், "கூடவே ஒரு தடவை ரேடியேஷனும் கொடுத்துடலாம்" என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, 'ஐயோ... கேன்சரா?' என்பதுதான். இல்லை. இது வேறு ஒரு சிக்கலைத் தடுக்கத் தரப்படும் சிகிச்சை. ஆபரேஷனுக்குப் பிறகு, தசைக்குள் எலும்பு முளைத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

தசையில் எலும்பு முளைக்குமா?

முளைக்கும். மூட்டை மாற்றும்போது தசைகளை விலக்கி, தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். அந்தக் காயத்தை ஆற்ற உடல் அனுப்பும் சமிக்ஞைகளால், தசைகளுக்கு நடுவே உள்ள சில முதிராத செல்கள் எலும்பை உருவாக்கும் செல்களாக மாறிவிடலாம். இதற்கு 'ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன்' என்று பெயர்.

பலருக்கு இது எக்ஸ்ரேயில் சின்னச் சின்னத் தீவுகளாகத் தெரிவதோடு சரி, எந்தத் தொந்தரவும் இருக்காது. 1973-ல் வெளியான ப்ரூக்கர் வகைப்பாடு இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. நான்காவது நிலையில், இடுப்பெலும்பும் தொடை எலும்பும் பாலம் போட்டதுபோல ஒட்டிக்கொண்டதாக எக்ஸ்ரேயில் தெரியும். அப்படி ஆனவர்களுக்குக் குனிந்து செருப்பு மாட்டுவதுகூடப் பெரும்பாடு. புது மூட்டு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அசையாது!

ரேடியேஷன் என்ன செய்கிறது?

எலும்பாக மாறக் கிளம்பும் செல்கள் வேகமாகப் பெருகும். அப்படிப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சால் எளிதில் அடக்க முடியும். ஆரம்ப காலத்தில் 20 கிரே அளவை 10 தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பின்னர் 7 அல்லது 8 கிரே, ஒரே தவணை போதும் என்று தெரியவந்தது.

நேரம்தான் இதில் முக்கியம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அல்லது பிந்தைய 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் தப்பாக வளரும் எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே சில வாரங்கள் ஆகும். அதாவது, பிரச்சினை கண்ணுக்குத் தெரியும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். 'வந்தா பாத்துக்கலாம்' என்பது இங்கே எடுபடாது.

யாருக்குத் தேவை?

எல்லோருக்கும் தேவையில்லை. ஏற்கெனவே ஓர் இடுப்பில் இப்படி எலும்பு வளர்ந்தவர்கள், தலையிலோ தண்டுவடத்திலோ பலத்த அடிபட்டவர்கள், விபத்தில் இடுப்பு மூட்டின் கிண்ணப் பகுதி உடைந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பெண்களைவிட ஆண்களுக்கு இது அதிகம் வருகிறது.

'இதெல்லாம் தாத்தா பாட்டி சமாச்சாரம்' என்று நினைக்க வேண்டாம். முதுகெலும்பை இறுக்கும் ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோய் பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்குகிறது. அதனால் இடுப்பு மூட்டு கெட்டு, இளமையிலேயே மூட்டு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

மாத்திரை போதாதா?

இண்டோமெத்தசின் போன்ற வலி-வீக்க நிவாரணி மாத்திரைகளும் இதைத் தடுக்கும். விலையும் குறைவு. ஆனால் பல நாட்கள், சிலருக்கு ஆறு வாரம் வரைகூட, விடாமல் சாப்பிட வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயமும் கூடும். இப்படிப்பட்டவர்களுக்கு ரேடியேஷன் கைகொடுக்கும்.

அந்த ரேடியேஷனாலேயே கேன்சர் வராதா?

புற்றுநோய்க்குப் பல வாரங்களில் 50 முதல் 70 கிரே வரை கொடுப்பது வழக்கம். இங்கே கொடுப்பது அதில் சிறு பங்குதான். ஆபத்து பூஜ்யம் என்று சொல்ல முடியாது, ஆனால் மிகக் குறைவு. எனவேதான் வயது குறைந்தவர்களுக்கு யோசித்துத்தான் தருகிறார்கள். ஆண்களுக்கு விந்தகங்களை மறைத்துப் பாதுகாப்பது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை கிடையாது. சிமென்ட் இல்லாமல் பொருத்தும் மூட்டில் எலும்பு வந்து பற்ற வேண்டும் என்பதால், அந்தப் பகுதியில் கதிர் படாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு.

வளர்ந்துவிட்டால்..?

முற்றிய எலும்பைக் கதிர்வீச்சு கரைக்காது. வளர்ச்சி நிற்கும்வரை பல மாதங்கள் காத்திருந்து, மறுபடியும் ஆபரேஷன் செய்துதான் அகற்ற வேண்டும். அதன்பின் மீண்டும் முளைக்காமலிருக்க அதே தடுப்புச் சிகிச்சை!

எனவே ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: எங்களுக்கு இந்த ஆபத்து இருக்கிறதா? மாத்திரையா, ரேடியேஷனா? ரேடியேஷன் என்றால் அந்த இயந்திரம் இதே மருத்துவமனையில் உள்ளதா? இல்லையென்றால், தையல் போட்ட இடுப்போடு ஆம்புலன்ஸில் வேறு மருத்துவமனைக்கு அலைவதைவிட, ஆபரேஷனுக்கு முன்பே முடித்துக்கொள்வது எளிது.